சாரதியின் தோளில் தொங்கிய வளையம்

(மன்னார் நகரில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மேசையில் கிடக்கும் இந்தப் பிரம்பு வளையத்தைக் கண்டதும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "இது டப்லட் வளையமெல்லோ?" என்று கேட்டார். ஆம், ஐயா. ஆனால் நானே வளைத்தது. உண்மையான டப்லட் அரச சொத்து. அதைக் கொண்டுவந்திருந்தால் பேச்சு முடியுமுன் என்னை வாகனத்தில் ஏற்றியிருப்பார்கள். ஆகவே சந்தையில் கூடை பின்னுகிறவரிடம் பிரம்பு வாங்கி வளைத்து, அடியில் ஒரு தோல் பையைத் தைத்தேன். பைக்குள் இருப்பது டப்லட் இல்லை, போத்தல் மூடி.

இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரண்டு ரயில் எதிரெதிரே வந்தால் விலக இடமில்லை. அதற்கு அந்தக் காலத்தில் கண்ட வழி இது. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் ஒவ்வொரு பெட்டி இருக்கும். இரண்டுக்கும் இடையில் மின்கம்பித் தொடர்பு. பெட்டிகளுக்குள் டப்லட் எனப்படும் உலோக வட்டத் தட்டுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு நிலையங்களின் பெயர் பொறித்திருக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்துவிட்டால் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தட்டு மறுமுனையில் போய் விழும்வரை இன்னொன்றை யாராலும் எடுக்க முடியாது. தட்டு சாரதியின் கையில் இருந்தால் பாதை அவருக்கு. இல்லையென்றால், சிக்னல் பச்சையாக எரிந்தாலும், ஸ்டேஷன் மாஸ்டர் கும்பிட்டுக் கேட்டாலும் அவர் போகக் கூடாது.

1874இல் இங்கிலாந்தில் நொரிச் நகருக்குப் பக்கத்தில், தோர்ப் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். தந்திச் செய்தி ஒன்று தவறுதலாக அனுப்பப்பட்டதுதான் காரணம். அதன் பின் எட்வேர்ட் டயர் என்பவர் 1878இல் இந்தப் பொறியைச் செய்தார். அது கடல் தாண்டி இலங்கைக்கும் வந்தது. நம்முடைய மலையகப் பாதையில் இன்றும் இந்த வளையம் கைமாறுகிறது. வெளிநாட்டுப் பயணிகள் யன்னலால் எட்டிப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள்.

ஓடும் ரயிலில் அதை மாற்றுவதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மேடையின் முனையில் போர்ட்டர் ஒரு கையில் வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்பார். இரவென்றால் மற்றக் கையில் விளக்கு. இயந்திரத்தின் படியில் உதவிச் சாரதி ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு சரிந்து நிற்பார். பழைய வளையத்தை மேடையில் வீசுவார். அடுத்த கணமே புதிய வளையத்துக்குள் முழங்கையை நுழைப்பார். வளையம் தோள்வரை ஏறி நிற்கும். பிசகினால் தோள்பட்டை வீங்கும், அல்லது ரயிலை நிறுத்தித் தண்டவாளக் கல்லுக்குள் தட்டைத் தேட வேண்டும்.

ரயில் ஓட்டுகிறவரின் அறைக்குள் கட்டுப்பாட்டைக் கொண்டுபோய் வைப்பது என்று இன்று உலகம் பெரிய செலவில் பேசுகிற விடயம் இருக்கிறதே, அதற்குத் தாய் இந்தப் பிரம்பு வளையந்தான் என்பது என் எண்ணம். சிக்னல் மரம் வெளியே நிற்கிறது. மழையில், புழுதியில், தூக்கக் கலக்கத்தில் தவறவிடலாம். வளையம் உள்ளே, சாரதியின் முழங்கைக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

ஆனால் வளையமும் ஏமாற்றியிருக்கிறது. 1921 ஜனவரி 26. வேல்ஸில், கேம்ப்ரியன் பாதையில், அபர்மியூல் என்ற சிறிய நிலையம். ஒரு சாதாரண ரயில் வந்து நிற்கிறது. அதன் சாரதி கொண்டுவந்த தட்டை ஒரு பையன் வாங்கிக்கொண்டு போகிறான். அது இன்னொருவர் கைக்குப் போகிறது. அவர் அதை அடுத்த பகுதிக்கான தட்டு என்று நினைத்து, கொண்டுவந்த சாரதியிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். சாரதி பைக்குள் இருந்த பெயரை வாசிக்கவில்லை. ரயில் புறப்பட்டது. எதிரே கடுகதி வந்துகொண்டிருந்தது. 17 பேர் இறந்தார்கள். அந்த ரயில் கம்பனியின் பணிப்பாளர் ஒருவரும் அதில் அடக்கம். பொறி ஒரு பிழையும் செய்யவில்லை. தட்டில் பெயர் தெளிவாகத்தான் பொறித்திருந்தது. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கேம்ப்ரியன் பாதையை இன்னும் கொஞ்ச நேரம் விடமாட்டேன். ஏனென்றால் அது நம்முடைய மன்னார்ப் பாதைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. ஒற்றைத் தடம், கடலோரமாக ஓடுகிறது, முனையில் முட்டி நிற்கிறது, ரயில்களும் அதிகமில்லை. பிரித்தானியா அறைக்குள் சிக்னல் காட்டும் ஐரோப்பிய முறையை முதன்முதலில் முழுதாகப் போட்டுப் பார்க்க அந்தப் பாதையைத்தான் தெரிந்தெடுத்தது. 2011இல் அது நடைமுறைக்கு வந்தது. வெளியே நின்ற சிக்னல்களைக் கழற்றிவிட்டார்கள். சாரதிக்கு முன்னால் ஒரு திரை. எவ்வளவு தூரம் போகலாம், எந்த வேகத்தில் போகலாம் என்று அது காட்டும். மீறினால் கணினியே தடை போடும்.

பெரிய நகரத்தின் நெரிசலான பாதையில் பரீட்சித்துக் கெடுப்பதைவிட, ரயில் குறைந்த ஓரப் பாதையில் பரீட்சித்துக் கற்பது புத்தி. அதனாற்றான், மன்னார் பாதையில் இதற்கெல்லாம் என்ன தேவை என்று யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். தேவை வேறு, பொருத்தம் வேறு.

அந்தப் பாதையில் பிறகு நடந்த இரண்டு சம்பவங்களையும் சொல்லிவிடுகிறேன்.

2017 ஒக்டோபர் 20. கேம்ப்ரியன் கரைப் பாதையில் ஒரு சாரதி வழக்கம்போல ஓட்டிக்கொண்டு போகிறார். ஓரிடத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று தற்காலிக வேகக்கட்டுப்பாடு இருப்பது அவருக்குத் தெரியும். திரையில் அது இல்லை. அறிவிக்கிறார். தோண்டிப் பார்த்தால், முதல்நாள் இரவு கட்டுப்பாட்டுக் கணினி தன்னைத்தானே திரும்பத் தொடங்கியபோது தற்காலிக வேகக்கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் தவறவிட்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையிலோ எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. அந்த வேகக்கட்டுப்பாடு எதற்குப் போட்டது தெரியுமா? அங்கே இருந்த ரயில் கடவையைக் கடக்கிறவர்களுக்கு ரயில் வருவதைக் கண்டு விலகப் போதிய நேரம் கிடைக்க வேண்டும் என்பதற்கு. ஒரு ரயில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கடவையைத் தாண்டிப் போயிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பிழையைக் கண்டுபிடித்தது கணினி இல்லை. பாதையை மனப்பாடமாக வைத்திருந்த ஒரு சாரதி.

இரண்டாவது, 2024 ஒக்டோபர் 21. தலர்திக் என்ற இடத்தில், இரவு, ஒரு ரயில் விலகுபாதையில் நிற்க வேண்டும். தடை போட்டாயிற்று. ஆனால் தண்டவாளம் வழுக்கியது. சில்லு உருளாமல் சறுக்கியது. பிடிப்புக்காக மணல் தூவும் குழாய் அடைத்திருந்தது. எதிரே வந்த ரயிலில் போய் மோதி ஒரு பயணி இறந்தார். திரை சரியாகத்தான் சொன்னது. தடையும் சரியாகத்தான் பிடித்தது. சில்லுக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் இருந்த மெல்லிய வழுக்கலை எந்தக் கணினியாலும் துடைக்க முடியவில்லை. மணல் தேடி அவர்கள் தவித்தார்கள். மன்னாரில் நமக்கு மணலுக்குப் பஞ்சமில்லை. நம் கரைச்சல் வேறு.

இனி நம் பாதைக்கு வருவோம். 1914இல் இந்தப் பாதை தலைமன்னார் வரை திறந்தது. அதே ஆண்டில் அக்கரையில் பாம்பன் பாலமும் திறந்தது. சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் கொழும்பு ரயிலைப் பிடித்தார். உங்கள் வீடுகளில் கதையாக இருக்கும், நான் விரிக்கவில்லை. 1990இல் போருக்குள் பாதை மூடியது. தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் எங்கெங்கு போயின என்று கேட்டால், இந்த மண்டபத்தில் சிலர் மேலே மின்விசிறியைப் பார்ப்பீர்கள். பிறகு இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் திரும்பக் கட்டியது. 2013இல் மடு வரை, 2015 மார்ச் 14இல் தலைமன்னார் பியர் வரை. மதவாச்சியிலிருந்து 106 கிலோமீட்டர்.

1964 டிசம்பர் 22 இரவைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்தச் சூறாவளி நம் பக்கத்தையும் அடித்தது. உங்கள் தாத்தா பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். அக்கரையில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பயணிகள் ரயில் போய்க்கொண்டிருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகள். தனுஷ்கோடியை நெருங்கியபோது சிக்னல் வேலைசெய்யவில்லை. ரயில் நின்றது. கும்மிருட்டு, காற்று, மழை. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. காத்திருந்து பார்த்த சாரதி நீளமாக விசில் ஊதிவிட்டு ரயிலை எடுத்தார் என்று சொல்லப்படுகிறது. கடல் எழும்பி ரயிலை விழுங்கியது. ஒருவரும் தப்பவில்லை.

நான் அந்தச் சாரதியைக் குறை சொல்ல வரவில்லை. அந்த இடத்தில் நின்றிருந்தாலும் கடல் வந்திருக்கும். எனக்கு உறுத்துவது இதுதான்: ஊருக்குள் கடல் ஏறுகிறது என்று தெரிந்தவர்கள் கொஞ்சத் தூரத்தில் இருந்தார்கள், அதை ரயிலுக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. அணைந்த விளக்கு ஒன்றுதான் ரயிலோடு பேசியது. அது என்ன சொன்னது என்று யாருக்கும் தெரியாது.

நாற்பது வருடம் கழித்து, 2004 டிசம்பர் 26, கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் போன ரயில். சுனாமி வருகிற செய்தி மருதானைக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்து, அம்பலாங்கொடை நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். நிலையத்தில் எல்லோரும் அதே ரயிலைக் கவனித்துக்கொண்டு மேடையில் நின்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது ரயில் போய்விட்டது. பெரலியவில் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய ரயில் விபத்து அது. சாரதியின் அறையில் ஒரு வானொலி இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது சாரதியின் அறைக்குள் வைக்கும் கருவியைப் பற்றி. இந்தியாவில் 'கவச்' என்று ஒன்று போடுகிறார்கள். 2020இல் அதைத் தேசிய முறையாக ஏற்றார்கள். ஏற்கெனவே இருக்கும் சிக்னல்களைக் கழற்றாமல் அவற்றின் மேலேயே இதைப் பொருத்துகிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் முக்கியம். சிலிப்பர்கட்டைகளில் கையளவு மின்னணு அடையாளத் தகடுகளைப் பதித்து வைப்பார்கள். இயந்திரத்தின் வயிற்றில் இருக்கும் வாசிப்பான் அவற்றைத் தாண்டும்போதெல்லாம் தான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்துகொள்ளும். நிலையத்தில் ஒரு கணினி; அது சிக்னலும் பாதைமாற்றியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்து, கோபுரத்தால் வானொலியில் இயந்திரத்துக்குச் சொல்லும். சிவப்புக்கு முன் சாரதி தடை போடாவிட்டால் கருவி போடும். கடவை நெருங்கினால் தானாகவே விசில் ஊதும். இந்தக் கடைசி விடயத்தை மனதில் வைத்திருங்கள், திரும்பி வருவேன்.

2022 மார்ச்சில் இந்திய ரயில்வே அமைச்சர் ஒரு இயந்திரத்தில் ஏறி, எதிரே இன்னொரு இயந்திரத்தை நிறுத்திவைத்துப் பரீட்சித்தார். 380 மீட்டருக்கு முன்னமே கருவி நிறுத்தியது. படமாக எடுத்து ஊரெல்லாம் காட்டினார்கள். நல்ல பரீட்சைதான்.

ஆனால் 2023 ஜூன் 2, ஒடிசாவில் பாலசோருக்குப் பக்கத்தில் பாகாநாகா பசார் நிலையத்தில் கொரமண்டல் கடுகதி சாய்ந்தபோது, அந்தப் பாதையில் கவச் போட்டிருக்கவில்லை என்று எல்லோரும் கத்தினார்கள். 290 பேருக்கு மேல் இறந்த விபத்து. சென்னைக்குப் போகும் ரயில் அது, உங்களுக்கு நினைவிருக்கும். என் கருத்து வேறு. அங்கே சிக்னல் பச்சை. பாதையோ சரக்கு ரயில் நின்ற பக்கத்துத் தடத்துக்குத் திரும்பியிருந்தது. முன்னர் நடந்த திருத்த வேலைகளில் கம்பி மாற்றிக் கொடுத்திருந்ததால், பாதை நேராக இருப்பதாகச் சிக்னல் நம்பியது. கவச் இருந்திருந்தால் அந்தப் பொய்யையே அதுவும் வாங்கி, பளபளப்பான திரையில் சாரதிக்குக் காட்டியிருக்கும். அறைக்குள் வைக்கிற திரை ஒரு வாய். அது சொல்வது எல்லாம் கீழே சிக்னல் அறையில் இருக்கும் கம்பியும் பூட்டும் சொல்லிக் கொடுப்பது. பாதைமாற்றியும் சிக்னலும் ஒன்றையொன்று மீற முடியாதபடி பூட்டிவைக்கும் ஏற்பாட்டை வேலைத்தலத்தில் இன்டர்லொக்கிங் என்பார்கள். அது நேர்மையாக இருந்தால்தான் திரை நேர்மையாக இருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமாகவும் ஒரு உதாரணம் உண்டு. ஸ்பெயினில் சந்தியாகோ நகருக்குப் பக்கத்தில் 2013 ஜூலை 24. வேகத்தைக் கண்காணிக்கும் முறை புதிய பாதையில் இருந்தது. வளைவுக்குச் சில கிலோமீட்டருக்கு முன்னமே முடிந்துவிட்டது. சாரதி ரயிலின் நடத்துநரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். மணிக்கு 80 கிலோமீட்டரில் எடுக்க வேண்டிய வளைவை அதைவிட இரண்டு மடங்குக்கும் கூடிய வேகத்தில் எடுத்தார். ஏறத்தாழ 80 பேர் போனார்கள். ஒரு முறை முடிந்து இன்னொரு முறை தொடங்கும் எல்லைதான் ஆபத்தான இடம். ஊர் எல்லையில் நாய் கடிக்கும் என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை.

இந்த எல்லைக் கதை நமக்கு ஏன் வேண்டும்? கொழும்பில் ஏறித் தலைமன்னாரில் இறங்கும் ஒரு சாரதி எத்தனை எல்லைகளைத் தாண்டுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். மாகோவிலிருந்து ஓமந்தை வரை 128 கிலோமீட்டரை இந்தியா புதுப்பித்துக் கொடுத்தது. 2025 ஏப்ரலில் அனுராதபுரத்தில் இந்தியப் பிரதமர் அதைத் திறந்துவைத்து, மாகோ–அனுராதபுரம் பகுதிக்குப் புதிய சிக்னல் போடும் வேலையையும் தொடக்கிவைத்தார். அதற்கு முன்னால் கொழும்புப் பக்கத்தில் ஒரு வகை, நடுவில் ஒரு வகை, மதவாச்சியில் கிளை பிரிந்த பின் இன்னொரு வகை. அறைக்குள் ஒரு திரையைக் கொடுத்துவிட்டு, அது மதவாச்சியில் உயிர்பெற்று மற்ற இடமெல்லாம் கறுப்பாக இருக்கும் என்றால், சாரதி அதைப் பார்க்காமலிருக்கப் பழகுவார். போட்டால் மாகோவிலிருந்து போட வேண்டும். இல்லையென்றால் மாகோவில் போடுகிறவர்களோடு இப்போதே பேசி, நாளைக்கு நம் பக்கமும் பொருந்தும்படி செய்ய வேண்டும். கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு வரிதான். அந்த வரியை விட்டுவிட்டால் இருபது வருடத்துக்கு அழலாம்.

இன்னொரு சிக்கல், இயந்திரங்கள். பாதை முழுக்க அடையாளத் தகடு பதித்தாலும், வருகிற இயந்திரத்தில் கருவி இல்லையென்றால் அது குருட்டு ரயில். நம் ரயில்வேயில் இன்று மன்னாருக்கு வந்த இயந்திரம் நாளை மட்டக்களப்புக்குப் போகும். இந்திய அரசு சொல்லும் கணக்கில் பாதைக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 50 இலட்சம் இந்திய ரூபா, ஒரு இயந்திரத்துக்கு ஏறத்தாழ 80 இலட்சம். நம் 106 கிலோமீட்டருக்கு 53 கோடி. அது பாதைக்கு மட்டும். இயந்திரம், திருத்தம், பயிற்சி தனி. நம் பாதையில் ஓடும் பெட்டித்தொடர்களில் சில பெரம்பூரில் செய்தவை, இயந்திரங்களில் சில வாரணாசியில் செய்தவை என்பதால் பொருத்துவது சிரமமில்லை என்று சொல்வார்கள். எந்தப் பழைய வாகனத்துக்கும் புதிய மின்கம்பி போட்ட மெக்கானிக்கிடம் கேளுங்கள், சிரமமில்லை என்ற சொல்லின் பொருளை அவர் விளக்குவார்.

இப்போது முக்கியமான கேள்வி. இந்தக் கருவிகள் எல்லாம் ரயிலும் ரயிலும் மோதாமல் இருக்கப் பிறந்தவை. நம் பாதையில் ஒரு நாளைக்கு ஓடும் ரயில்களை விரலில் எண்ணலாம். ரயிலோடு ரயில் மோதுவது நம் முதல் பயமா? இல்லை. நம் பயம் கடவை.

2021 மார்ச்சில் தலைமன்னார் பியர் பகுதிக் கடவையில் தனியார் பேருந்து ஒன்று ரயிலோடு மோதியது. 14 வயது மாணவர் ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். இங்கே இருக்கிற சிலர் அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடினவர்கள். நான் மேலும் சொல்லத் தேவையில்லை.

மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் ரயில் ஒரு செக்கனில் 28 மீட்டர் தாண்டும். தடை போட்டபின் அது நிற்க அரைக் கிலோமீட்டருக்குக் குறையாமல் வேண்டும். கடவையில் ஓட்டோ நிற்பதைச் சாரதி கண்டால் அவர் செய்யக்கூடியது விசில் ஊதுவதும் கண்ணை மூடிக்கொள்வதும்தான். ஆகவே சாரதியின் அறைக்குள் எவ்வளவு பெரிய திரை வைத்தாலும், கடவையில் நிற்பவருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஒன்றைத் தவிர. கடவை நெருங்கினால் தானாகவே விசில் ஊதும் என்றேனே, அந்தக் கருவிக்கு ரயில் எங்கே நிற்கிறது என்று எந்நேரமும் தெரியும். அந்தச் செய்தியைச் சாரதியோடு நிறுத்தாமல் கடவைக்கும் அனுப்பு. அவ்வளவுதான் நான் கேட்பது. வடக்கில் பல கடவைகளில் நிற்கிறவர்கள் யார்? பொலிசாரின் கீழ், நாளுக்கு 250 ரூபாக் கொடுப்பனவில் வருடக்கணக்காக நின்ற நம் ஊர்ப் பிள்ளைகள். நிரந்தர நியமனம் கேட்டுப் போராடியவர்கள். அவர்களுக்கு ரயில் வருவது எப்படித் தெரியும்? நேர அட்டவணை, காது, சில இடங்களில் கைத்தொலைபேசி. ரயில் ஒரு மணித்தியாலம் பிந்தினால் அந்த ஒரு மணித்தியாலமும் அவர் தண்டவாளத்தில் காதை வைத்திருக்க வேண்டும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் பேசாலைப் பக்கத்தில் பக்கத்து வீட்டு வானொலியே கேட்காது. ரயில் எப்படிக் கேட்கும்? "ரயில் முருங்கன் தாண்டிவிட்டது", "மன்னார் தாண்டிவிட்டது", "மூன்று நிமிடம்" என்று ஒரு சின்னப் பெட்டி அவர் கொட்டிலில் சொன்னால் போதும். ஆளில்லாத கடவையில் அதே செய்தி மணியாக அடிக்கலாம். 53 கோடியில் எவ்வளவு துளி அது? அந்தப் பிள்ளைகளின் சம்பளத்தைச் சரியாக்கிவிட்டுத்தான் பெட்டியை வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பெட்டி வந்ததும் ஆளை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு நியாயமானது.

மிருகங்கள். இந்த மன்னார்த் தீவில் கழுதைக்கு ரயில் பாதையும் தெருவும் ஒன்றுதான். செட்டிகுளம், மடுப் பக்கம் யானை. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கத்தில் ஒரு ரயில் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன. யானை கடக்கும் இடங்களில் வேகத்தைக் குறை என்று பலகை நட்டால் சிலர் குறைப்பார்கள், சிலர் பிந்திய நேரத்தை மீட்கப் பார்ப்பார்கள். சாரதியைத் திட்டிப் பயனில்லை. ரயில் பிந்தினால் விளக்கம் எழுதுகிறவர் அவர்தான். அறைக்குள் கருவி இருந்தால், இரவு பத்து மணிக்குப் பிறகு இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இந்த வேகந்தான் என்று எழுதிவைக்கலாம். மீற முடியாது, மீறவில்லை என்று சாரதியும் நிரூபிக்கலாம். நம் பாதைக்கு இந்தக் கருவியால் கிடைக்கிற முதல் நேரடி லாபம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் கேம்ப்ரியன் சாரதியை மறக்காதீர்கள். கணினி மறந்த நாளில் பலகை அங்கேயே நிற்க வேண்டும்.

உப்பைப் பற்றி இரண்டு சொல். போன கிழமை காலையில் பியருக்குப் போய்த் தண்டவாளத்தின் மேற்பரப்பை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு இரவுதான் ரயில் ஓடாமல் இருந்தது. விரலில் மஞ்சள் தடவியதுபோல் துரு. ரயில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் பழைய முறை ஒன்றில், இரண்டு தண்டவாளங்களிலும் சின்ன மின்னோட்டம் விடுவார்கள். ரயிலின் சில்லும் அச்சும் அவற்றை இணைத்தால் இங்கே ரயில் என்று தெரியும். அடிக்கடி ரயில் ஓடினால் துரு தேய்ந்துவிடும். அரிதாக ஓடும் கடலோரப் பாதையில் துரு ஒரு தோலாக நின்று மின்னைத் தடுக்கும். ரயில் நிற்கும், கருவியோ பாதை காலி என்று சொல்லும். ஆகவே இங்கே அச்சுகளை எண்ணும் முறைதான் சரி: உள்ளே போன அச்சு இருபத்திநான்கு, வெளியே வந்தது இருபத்திநான்கு, பாதை காலி. கரைவலையில் ஆளை எண்ணித் தோணியில் ஏற்றி, எண்ணி இறக்குகிற கணக்குத்தான். அந்தப் பெட்டிகளின் மூடியை உப்புக்காற்று தின்னாமல் பார்ப்பது இன்னொரு வேலை. கொழும்பில் அறைக்குள் பரீட்சித்த பெட்டியைத் தலைமன்னாரில் ஒரு வாடைக்காலம் வெளியே வைத்துப் பார்த்த பின்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

வானொலி விடயத்தில் ஒரு வேடிக்கை. தலைமன்னார் கரையில் நின்று கைத்தொலைபேசியை எடுங்கள். சில நேரம் இந்தியாவுக்கு நல்வரவு என்று செய்தி வரும். மீனவத் தம்பிமாருக்கு இது பழகியது, கட்டணமும் பழகியது. இந்தியா தன் ரயில்வேக்கு 700 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் இடம் ஒதுக்கியிருக்கிறது. பாம்பன் பக்கம் ரயிலுக்குப் பேசும் கோபுரமும் நம் பக்கம் ரயிலுக்குப் பேசும் கோபுரமும் ஒரே மொழியில் ஒரே அலையில் பேசினால் யாருடைய ரயில் யார் சொல்லைக் கேட்கும் என்று முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும். கருவி தன் நிலையத்தின் அடையாளத்தைச் சரிபார்க்கும், அந்நியச் சொல்லை ஏற்காது என்பது உண்மை. ஆனால் இரைச்சலில் சொந்தச் சொல்லும் கேட்காமல் போகலாம்.

பாம்பனிடம் நாம் கற்க ஒன்றுண்டு. பழைய பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருந்தது. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும். ஸ்டேஷன் மாஸ்டரின் துணிச்சலுக்கு அங்கே வேலையில்லை. மன்னார்த் தீவுக்கு வரும் நம் பாலத்திலும் தாழ்வான கரைப்பகுதிகளிலும் காற்றையும் நீர்மட்டத்தையும் அளந்து சாரதியின் அறைக்கு நேரே அனுப்பலாம். காற்றாலை நடுகிறவர்கள் இந்தத் தீவின் காற்றை எவ்வளவு நுணுக்கமாக அளந்து வைத்திருக்கிறார்கள்! அந்தக் கணக்கில் ஒரு வரி ரயிலுக்குக் கிடைக்கக்கூடாதா?

நேரம் போய்விட்டது. கேள்வி கேட்க வேண்டும் என்று கைதூக்கிய அம்மா, கேளுங்கள்.

(கேள்வி: கரண்ட் போனால் என்ன செய்யும்?)

நல்ல கேள்வி. இந்த மண்டபத்தில் இன்று ஒரு தடவை போனது. சாரதியின் அறைக் கருவி இயந்திரத்தின் சொந்த மின்சாரத்தில் ஓடும், அதனால் ஊரில் கரண்ட் போனாலும் திரை எரியும். ஆனால் நிலையத்துக் கோபுரம் செத்தால், புதிய சொல் வராது. கருவி கொஞ்ச நேரம் பார்க்கும். பிறகு தடை போடும். ரயில் நட்டநடுவில் நிற்கும். தனுஷ்கோடிச் சாரதிக்கு இருந்த அந்த மயக்கம், சிவப்பா பச்சையா என்ற மயக்கம், இவருக்கு இருக்காது. விளக்கு அணைந்தால் நில் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை.

நின்ற பிறகு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா, கஷ்டம் அங்கேதான். முருங்கனுக்கும் மன்னாருக்கும் நடுவில் இரவு பன்னிரண்டு மணிக்கு இருநூறு பயணிகளோடு நின்ற ரயிலை எடுக்க வேண்டும். சாரதி கட்டுப்பாட்டு அறைக்குப் பேசுவார். அவர்கள் பாதை காலியா என்று பார்ப்பார்கள். பிறகு வாயால் சொல்லி, அவர் ஒரு தாளில் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிறுத்தக்கூடிய வேகத்தில் ஊர்ந்து போவார். அந்தத் தாளில் நிலையங்களின் பெயர் இருக்கும். அதை இரண்டு பக்கமும் உரக்க வாசிக்க வேண்டும் என்பது விதி.

அந்தப் பயிற்சியை வருடத்துக்கு ஒரு தடவையாவது, பகலில் வகுப்பறையில் இல்லாமல், இரவில் உண்மையான ரயிலில் செய்து பார்க்க வேண்டும்.

அடுத்தது, பின்னால் நிற்கிற தம்பி.